விழா மலருக்கு இரண்டு பக்கம்

உக்காருங்க தம்பி. அந்த நாற்காலி வேண்டாம், அதுக்கு முதுகு சரியில்ல. இங்கன ஜன்னல் பக்கம் வாங்க. பேருதான் லாஸ் ஏஞ்சலஸ், வெயில் தூத்துக்குடி வெயில். செப்டம்பர் வந்தா இப்படித்தான். முகுந்தன்தானே பேரு? போன்ல சொன்னீங்க. சொந்த ஊரு ஈரோடு. சரி, சரி. காரை மரத்தடியில விட்டீங்கன்னா மத்தியானம் வரைக்கும் ஒருத்தனும் கேக்க மாட்டான். அதுக்கு மேல நிக்கணும்னா நான் வந்து வேற இடம் காட்டுதேன். அவசரம் ஒண்ணும் இல்லையே உங்களுக்கு?

உங்க தமிழ்ச் சங்கத்து விழா மலர்ல எனக்கு ரெண்டு பக்கம்னு சொன்னீங்க. அம்பது வருஷ நடிப்பை ரெண்டு பக்கத்துல அடைக்கணும். பரவால்ல, நான் அரை நிமிஷத்துல செத்தே பழகினவன். எழுதிக்கிடுங்க. எது வேணும், எது வேண்டாம்னு நான் அப்பப்ப சொல்லுதேன்.

பேரு ஆசீர் செல்லத்துரை. ஊரு நாசரேத். அப்பா மிஷன் பள்ளிக்கூடத்துல கணக்கு வாத்தியார். அறுபத்தெட்டுல கெமிக்கல் இன்ஜினீயரிங் மேல்படிப்புக்கு ஓஹையோவுக்கு வந்தேன். வந்த எடத்துல காலேஜ்ல ஒரு நாடகம் போட்டாங்க. அரபு ராஜா வேஷத்துக்கு ஆள் கெடைக்கல. அந்தக் காலேஜ்ல கறுப்புன்னும் சொல்ல முடியாம வெள்ளைன்னும் சொல்ல முடியாம இருந்தவன் நான் ஒருத்தன்தான். மூணே மூணு வசனம். மூணாவது வசனத்துக்குக் கைதட்டினாங்க பாருங்க, அத்தோட கெமிக்கல் இன்ஜினீயரிங் முடிஞ்சுது. அப்பா பதினோரு மாசம் எனக்கு லெட்டர் போடல. இத எழுதுங்க. நல்லா இருக்கும்.

எழுபத்திநாலுல இந்த ஊருக்கு வந்தேன். எனக்கு வாய்ச்ச ஏஜெண்ட் ஒரு கெழவரு. செல்லத்துரைன்னு மூணு தடவை சொல்லிப் பாத்தாரு, நாக்கு சுளுக்கிக்கிச்சு. அப்படியே பாதியை வெட்டிட்டாரு. ஆசீர் டுரே. "பிரெஞ்சுக்காரன் மாதிரி இருக்கு, நல்லா விக்கும்"னாரு. ஒரு பிரெஞ்சுக்காரன் வேஷம்கூட வரல. டாக்ஸி டிரைவர், பெட்டிக்கடைக்காரன், பாம்பாட்டி, ஹோட்டல்ல பெட்டி தூக்குதவன், தீவிரவாதி, தீவிரவாதியோட அண்ணன். பட்டேல்ங்கிற பேர்ல மட்டும் பதினோரு தடவை நடிச்சிருக்கேன். கான் ஒம்பது. சிங் ஆறு, அதுல தலைப்பாகையை அவங்களே கட்டிவிட்டாங்க, ஆறு தடவையும் தப்பா. செல்லத்துரைன்னு ஒருத்தன் ஒரு படத்துலயும் வரல. மொத்தம் நூத்தி நாப்பத்தி மூணு. அதுல நான் செத்தது அறுபத்தொண்ணு. சுட்டுருக்காங்க, குத்திருக்காங்க, மாடியிலேருந்து தள்ளிருக்காங்க, ஒரு படத்துல முதலை. அந்த அறுபத்தொண்ண அவசியம் எழுதுங்க. நம்ம ஆளுங்க சிரிப்பாங்க.

நான் ரொம்பப் பேசுதேனோ? சொல்லிருங்க. தமிழ்ல பேசி நாளாச்சு, அதான். கீழ ஒரு தெலுங்குக்காரர் இருந்தாரு, அவரு போன வருஷம் மகன்கூட டெக்சஸ் போயிட்டாரு. இப்பம் நான் டிவியப் பாத்துத்தான் பேசுதேன். அதுல சில நேரம் நானே வருவேன். பழைய படத்துல. நான் பேசுததை நானே கேட்டுட்டு இருப்பேன்.

சரி, விஷயத்துக்கு வாறேன். நீங்க ரெண்டு கேட்டீங்க. விழாவுல அந்த ஆஸ்பத்திரித் தொடர்ல வார என் காட்சியப் பெரிய திரையில போடணும்னீங்க. என் மகள் ஹெப்சிபா கையால எனக்குப் பொன்னாடை போத்தணும்னீங்க. ரெண்டுக்கும் சேத்தே சொல்லுதேன். ஏன்னா ரெண்டும் ஒரே கதைதான்.

எண்பத்தொம்பது. எனக்கு வயசு நாப்பத்திநாலு. பாக்கியம் என் வீட்டுக்காரி. அன்னபாக்கியம். எட்டாங்கிளாஸ் வரைக்கும் நாசரேத்துல படிச்சவ. எழுபத்தி மூணுல கட்டி அடுத்த வருஷம் கூட்டிட்டு வந்தேன். இங்க வந்து பதினஞ்சு வருஷம் தையல் கம்பெனியில மெக்சிகோப் பொம்பளைங்ககூட வேலை பாத்தா. இங்கிலீஷைவிட ஸ்பானிஷ் நல்லாப் பேசுவா. என் படம் எதையும் முழுசாப் பாத்தது கிடையாது. "நீங்க எப்பச் சாவீங்கன்னு சொல்லுங்க அத்தான், அப்ப வந்து பாக்கேன்"ம்பா. அவ்வளவுதான் அவளுக்கு சினிமா.

அந்த வருஷம் மார்ச்சுல ஏஜெண்ட் போன் பண்ணினாரு. ஆஸ்பத்திரித் தொடர், வாரா வாரம் வரும், நாடே பாக்கும். டாக்டர் ராவ்னு ஒரு பாத்திரம். தம்பி, டாக்டர்! கையில துப்பாக்கி கிடையாது, பாம்பு கிடையாது. மூணு எபிசோடு. மக்களுக்குப் பிடிச்சா நெரந்தரம். நான் அந்தப் பேப்பரை வச்சுக்கிட்டு வீட்டுக்குள்ள குறுக்கயும் நெடுக்கயும் நடந்தேன். ஹெப்சி என்கூட வசனம் படிச்சா. அவளுக்கு அப்பம் பதினாலு வயசு. இங்கயே பொறந்து வளந்தவ, நான் இங்கிலீஷை எங்க நெல்லைத் தமிழ் மாதிரி இழுத்தா அடிச்சுத் திருத்துவா.

முக்கியமான காட்சி ஒண்ணு. ஒரு அம்மாவுக்குப் பொழைக்க முடியாத வியாதி. பக்கத்துல அவ மகன், சின்னப் பய. டாக்டர் ராவ் அந்தச் செய்தியச் சொல்லணும். ஒத்திகையில நாலு தடவை செஞ்சேன். டைரக்டர் ஒரு பொம்பளை, கண்டிப்பானவ. "மிஸ்டர் டுரே, நீங்க செய்தி வாசிக்கீங்க. எனக்கு டாக்டர் வேணும்"னா. எல்லாரும் இருக்கும்போதே சொன்னா. திங்கக்கிழமைக்குள்ள சரி பண்ணலன்னா வேற ஆளைப் போட்டுருவாங்கன்னு ஏஜெண்ட் சொல்லிட்டாரு.

அந்த நேரத்துலதான் பாக்கியத்துக்கு வயித்து வலி. ரெண்டு மாசமா இருந்திருக்கு. மெலிஞ்சு போயிட்டா. ஆஸ்பத்திரியில எல்லாச் சோதனையும் பண்ணி, வெள்ளிக்கிழமை வாங்க, முடிவு சொல்லுதோம்னுட்டாங்க. வெள்ளிக்கிழமை எனக்கு ஒத்திகை. நான் என்ன செய்ய முடியும்? இத எழுத வேண்டாம். இல்ல, எழுதினாலும் தப்பில்ல, நடிகன் வாழ்க்கை அப்படித்தான்னு ஜனங்களுக்குத் தெரியட்டும். ஹெப்சியப் பள்ளிக்கூடத்துக்கு லீவு போடச் சொல்லி, அம்மாகூட அனுப்பி வச்சேன். டாக்டர் சொல்லுததை அவ தமிழ்ல அம்மாவுக்குச் சொல்லணும். கெட்டிக்காரப் புள்ள, பாத்துக்கிடுவான்னு எனக்கு நம்பிக்கை.

சாயங்காலம் நான் வீட்டுக்கு வாறேன். பாக்கியம் அடுப்படியில நின்னு ரசம் வைக்கா. என்னம்மா சொன்னாங்கன்னேன். "பித்தப்பையில கல்லாம். ஆபரேஷன்லாம் வேண்டாமாம், மாத்திரையிலேயே கரைஞ்சிருமாம்"னா. சிரிச்ச முகமாத்தான் சொன்னா. எனக்கு உசுரு வந்துது. உடனே ஹெப்சி என் சட்டையப் பிடிச்சு இழுத்துட்டுப் போயி கார் ஷெட்டுக்குள்ள கதவைச் சாத்தினா.

கல்லு இல்லப்பான்னா. கணையத்துல புத்துநோய். ஈரலுக்கும் போயிட்டு. அஞ்சாறு மாசம்.

நான் அப்படியே கார்மேல சாஞ்சிட்டேன். அவ அழல. "அம்மா என் முகத்தையே பாத்துட்டு இருந்தாங்கப்பா. என்னால சொல்ல முடியல. கல்லுன்னு சொல்லிட்டேன். நீங்களும் சொல்லக்கூடாது. சத்தியம் பண்ணுங்க"ன்னா. பண்ணினேன். இன்னைக்கு வரைக்கும் தம்பி, அந்தச் சத்தியத்தை நான் மீறல. பாக்கியம் காதுல புத்துநோய்ங்கிற ஒரு வார்த்தை என் வாயிலேருந்து விழுந்தது கிடையாது. இத எழுதிக்கிடுங்க. வாக்குக் கொடுத்தாக் காப்பாத்துவேன்.

அப்புறம் நான் கேட்டேன், டாக்டர் இத எப்படிச் சொன்னாருன்னு. எப்படின்னா என்னன்னு அவ கேட்டா. "எப்படி ஆரம்பிச்சாரு, எங்க உக்காந்தாரு, கையை எங்க வச்சாரு?"ன்னேன். அவ என்னை ஒரு மாதிரிப் பாத்தா. பாத்துட்டுச் சொன்னா. டாக்டர் மேசைக்குப் பின்னால உக்காந்திருந்தவரு, ஃபைலை மூடி, எட்டத் தள்ளி வச்சாராம். நாற்காலிய இந்தப் பக்கம் இழுத்துப் போட்டு, அம்மாவுக்கு நேரா, முட்டியும் முட்டியும் இடிக்கிற மாதிரி உக்காந்தாராம். அம்மா பேரை எப்படிச் சொல்லணும்னு கேட்டு, "அன்-ன-பாக்-கி-யம்"னு ரெண்டு தடவை சொல்லிப் பாத்தாராம். அதுக்கப்புறம் ரெண்டு கையையும் தன்னோட தொடையில விரிச்சு வச்சுக்கிட்டு, "உங்களுக்குச் சொல்ல இதைவிட நல்ல செய்தி என்கிட்ட இல்லாமப் போச்சே"ன்னு ஆரம்பிச்சாராம். சொல்லி முடிச்சிட்டு எழுந்திரிச்சுப் போயி ஒரு பேப்பர் கப்ல தண்ணி பிடிச்சிட்டு வந்தாராம். கொண்டுவந்து அம்மாகிட்ட கொடுக்கல. ஹெப்சி கையில கொடுத்தாராம்.

தம்பி, எனக்கு மயிர்க்கூச்செறிஞ்சு போச்சு. புள்ள கையில கொடுத்தான் பாத்தீங்களா தண்ணிய? அத எவனும் எழுத முடியாது. எந்த டைரக்டரும் சொல்லித்தர முடியாது.

நான் ஹெப்சியச் செஞ்சு காட்டச் சொன்னேன். ஷெட்டுக்குள்ள ரெண்டு பெயிண்ட் வாளியக் கவுத்துப் போட்டேன். அவ டாக்டர், நான் நோயாளி. ஒரு தடவை செஞ்சா. கையை எவ்வளவு நேரம் தொடையில வச்சிருந்தாருன்னு கேட்டு மறுபடி செய்யச் சொன்னேன். மூணாவது தடவை பாதியில அவளுக்கு அழுகை வந்துட்டு. அழுதுக்கிட்டே முடிச்சா. என்ன ஒரு நடிப்பு தெரியுமா! இவ நடிக்க வந்திருந்தா என்னைத் தூக்கிச் சாப்பிட்டிருப்பா. நான் அவ தலையத் தடவி, "நீதாம்ட்டி எனக்கு வாத்தியார்"னேன். உள்ள பாக்கியம் சாப்பிடக் கூப்பிட்டா. முகத்தைக் கழுவிட்டுப் போயி ரசம் சாப்பிட்டோம்.

திங்கக்கிழமை ஒரே டேக்.

ஃபைலை மூடினேன், தள்ளினேன். நாற்காலிய இழுத்தேன். அந்த அம்மா பேரைக் கேட்டு ரெண்டு தடவை சொன்னேன். அது வசனத்துலயே கிடையாது, எதிர்ல இருந்த நடிகை நெசமாவே திணறிட்டா. "உங்களுக்குச் சொல்ல இதைவிட நல்ல செய்தி"ன்னு ஆரம்பிச்சு, முடிச்சு, எழுந்திரிச்சுப் போயி பேப்பர் கப்ல தண்ணி பிடிச்சு அந்தப் பய கையில கொடுத்தேன். டைரக்டர் கட் சொல்லல. செட்ல லைட்டு பிடிக்கிறவன்லேருந்து ஒருத்தனும் அசையல. அப்புறம் அந்தப் பொம்பளை வந்து என் கையப் பிடிச்சுக்கிட்டு, "அந்தத் தண்ணிய எங்கேருந்து எடுத்தீங்க?"ன்னு கேட்டா. வாழ்க்கையிலேருந்துன்னேன்.

அம்பது வருஷத்துல அது ஒண்ணுதான் தம்பி. அதுக்குப் பெறகு நெசமான டாக்டர்கள்லாம் எனக்கு லெட்டர் போட்டாங்க. ஒரு மெடிக்கல் காலேஜ்ல பசங்களுக்குப் போட்டுக் காட்டினாங்களாம். மூணு எபிசோடுன்னு சொன்னது ஆறு வருஷமாச்சு. இந்த ஊர்ல ரோட்டுல போனா, "டாக்டர் ராவ், எங்க அம்மா சாகும்போது உங்கள நெனச்சுக்கிட்டோம்"னு அழுதிருக்காங்க. அந்தச் சுவர்ல இருக்கு பாருங்க, வெள்ளைக் கோட்டுப் போட்ட போட்டோ, அது அன்னைக்கு எடுத்ததுதான். மலர்ல அதப் போடுங்க. கழட்டித் தாறேன்.

எபிசோடு ஒளிபரப்பானது ஏழெட்டு வாரம் கழிச்சு. மே மாசம், வியாழக்கிழமை சாயங்காலம். பாக்கியத்தைப் பிடிச்சு உக்கார வச்சேன். "இதுல நான் சாகல, நீ முழுசாப் பாக்கணும்"னேன். தொவைச்ச துணிய மடிச்சுக்கிட்டே உக்காந்தா. ஹெப்சி மட்டும் வரமாட்டேன்னு அவ ரூமுக்குள்ள இருந்தா. சத்தம் போட்டுக் கூப்பிட்டேன். வந்து கதவுகிட்ட நின்னா.

பாக்கியம் டிவியப் பாக்கா, துணிய மடிக்கா. நான் திரையில நாற்காலிய இழுத்துப் போட்டேன். அவ கை நின்னுட்டு. நான் அந்த அம்மா பேரைச் சொல்லிப் பாத்தேன், ரெண்டு தடவை. பாக்கியம் வாயைத் தெறந்துக்கிட்டுப் பாக்கா. தண்ணிய அந்தப் பய கையில கொடுத்தேன் பாருங்க, மடியில இருந்த துணி பூரா கீழ விழுந்துது. அத அவ கவனிக்கல. நான் டிவியப் பாக்கல, அவளத்தான் பாத்துட்டு இருந்தேன். பதினஞ்சு வருஷம் என் படத்தைத் திரும்பிப் பாக்காதவ! எனக்கு விருது எதுவும் கெடைக்கலன்னு நீங்க மலர்ல எழுதுவீங்க. அன்னைக்குக் கெடச்சுது எனக்கு.

ரெண்டே ரெண்டு கேள்வி கேட்டா. "அந்தப் பொம்பளைக்கு என்ன சீக்கு அத்தான்?"னா. புத்துநோய்னு எப்படிச் சொல்லுவேன், சத்தியம் இருக்குல்லா? "ஏதோ பெரிய சீக்கு. கதைதானே"ன்னேன். "பொழைப்பாளா?"ன்னா. "இல்ல, இன்னும் ரெண்டு எபிசோடுதான்"னேன். சரின்னா. திரும்பி ஹெப்சியப் பாத்தா. ரொம்ப நேரம் பாத்தா. ஹெப்சி உள்ள போயிக் கதவைச் சாத்திக்கிட்டா. அந்த வயசுல புள்ளைங்களுக்கு அப்பா டிவியில வந்தா வெக்கமா இருக்கும்லா.

ஆனா ஒண்ணு சொல்லணும். அந்தக் காட்சி பாக்கியத்துக்கு ஒரு தெம்பைக் கொடுத்துட்டு. மறுநாள்லேருந்து ஆளே மாறிட்டா. அலமாரி பூராவும் ஒதுங்க வச்சா. பட்டுச்சேலையெல்லாம் எடுத்து வெயில் காட்டி, இது ஹெப்சிக்கு, இது தங்கச்சிக்குன்னு பிரிச்சா. ஊர்ல இருக்கிற தங்கச்சிக்கு நாலு பக்கம் லெட்டர் எழுதி, தானே நடந்து போயிப் பெட்டியில போட்டுட்டு வந்தா. ஹெப்சியப் பக்கத்துல நிறுத்திப் புளிக்குழம்பு, உளுந்தங்கஞ்சி, மீன் ஆஞ்சு கழுவுதது எல்லாம் சொல்லிக் கொடுத்தா. அந்தப் புள்ளைக்கு என்ன அவசரம், படிக்கிற புள்ளதானேன்னு நான் கேட்டேன். "தெரிஞ்சுக்கிடட்டும்"னா. எங்க மூணு பேரையும் ஸ்டூடியோவுக்குக் கூட்டிட்டுப் போயிப் போட்டோ எடுக்க வச்சா. நோயாளி மாதிரியா இருந்தா! ராத்திரி வலி வரும். நான் கேட்டா, "கல்லு கரையுது அத்தான், அதான் வலிக்கி. சரியாயிரும்"பா. செப்டம்பர்ல கண்ண மூடுற வாரம் வரைக்கும் அதேதான் சொன்னா, கல்லு கரையுதுன்னு. நம்பிக்கையோடதான் போனா. நானும் ஹெப்சியும் சொல்லாம வச்சிருந்ததுனாலதான் அந்த நம்பிக்கை. அத நெனச்சா எனக்கு ஒரு ஆறுதல்.

டீ குடிங்க தம்பி, ஆறிருச்சு. வேற போடட்டுமா? வேண்டாமா?

ஹெப்சி பதினெட்டு வயசுல காலேஜுக்குன்னு ஆரெகன் பக்கம் போனவதான். போர்ட்லாண்டுல பள்ளிக்கூடத்துல கணக்கு வாத்தியாரா இருக்கா. எங்க அப்பா ரத்தம். கல்யாணம் ஆகி, பிரிஞ்சு, ஒரு மகன். பேரன் என் போட்டோவத்தான் பாத்திருக்கான். அவ கிறிஸ்மஸுக்குப் போன் பண்ணுவா. என் பொறந்தநாளுக்குக் கார்டு வரும். கோவமெல்லாம் கிடையாது, மரியாதையாப் பேசுவா, நல்லாத் தமிழ் பேசுவா. ஆனா ஆறு நிமிஷம். கடிகாரத்தை வச்சுப் பாத்திருக்கேன், ஆறு நிமிஷம் ஆனதும், சரிப்பா வெக்கட்டுமாம்பா. முப்பது வருஷமா எனக்குப் புரியல, என்ன குறை வச்சேன்னு. ரெண்டாங்கல்யாணம் பண்ணல. குடிக்கல. படிக்க வச்சேன்.

போன ஞாயித்துக்கிழமை நானே கூப்பிட்டேன். தமிழ்ச் சங்கத்துல விழா எடுக்காங்க, அம்பது வருஷத்துக்கு, நீ வந்து பொன்னாடை போத்தணும்னு கேக்காங்கன்னேன். வாறேன்ப்பான்னா! உடனே சொன்னா தம்பி. லீவு போட்டு மகனையும் கூட்டிட்டு வாறேன்னா. எனக்குக் கண்ணுல தண்ணி வந்துட்டு. அந்தச் சந்தோஷத்துல, "டாக்டர் ராவ் காட்சியப் பெரிய திரையில போடுதாங்க"ன்னேன். "அதப் போட்டா நான் வரமாட்டேன்"னா. ஏம்மான்னேன். "அப்பா, உங்களுக்கு நெசமாவே தெரியாதா?"ன்னு கேட்டா. என்னதும்மான்னேன். சரிப்பா, வெக்கட்டுமான்னா. அன்னைக்கு ரெண்டு நிமிஷம்கூட ஆகல.

அன்னைலேருந்து நான் தூங்கல. யோசிச்சு யோசிச்சு, நேத்து காலையில பல்லு விளக்கும்போது சட்டுன்னு புரிஞ்சுது. அந்தக் காட்சிய எனக்குச் சொல்லிக்கொடுத்தது யாரு? அவ. நான் எத்தனை பேட்டியில அதப் பத்திப் பேசிருக்கேன்? ஒண்ணுலயாவது அவ பேரைச் சொன்னேனா? வாழ்க்கையிலேருந்து எடுத்தேன்னு பெருசாச் சொல்லிட்டுத் திரிஞ்சேன். சின்னப்புள்ள மனசுல அது தங்கிருச்சு. நியாயம்தானே?

அதுனால நான் ஒரு ஏற்பாடு வச்சிருக்கேன். நீங்க ஒத்துழைக்கணும். அந்தக் காட்சி போடலன்னு நான் அவகிட்ட சொல்லிருதேன். அவ வந்து முன்வரிசையில உக்காரட்டும். நீங்க காட்சியப் போடுங்க. முடிஞ்சதும் நான் மைக்கப் பிடிச்சு, இந்த நடிப்பு என் மகளுது, பதினாலு வயசுல எனக்குச் சொல்லிக் கொடுத்தான்னு அவளை மேடைக்குக் கூப்பிடுதேன். எனக்குப் போத்துத பொன்னாடைய எடுத்து நான் அவளுக்குப் போத்துதேன். மலர்லயும் கட்டம் கட்டிப் போடுங்க: "இக்காட்சியின் பெருமை முழுவதும் என் மகள் ஹெப்சிபாவையே சாரும்." எழுதிட்டீங்களா?

ஏன் நிறுத்திட்டீங்க?

என்ன தம்பி? கேளுங்க, சும்மா கேளுங்க. ஆஸ்பத்திரியிலயா? ஆமா, பாக்கியமும் அந்த ரூம்லதான் இருந்தா. அவதானே நோயாளி. டாக்டர் அவ முட்டிகிட்டதானே வந்து உக்காந்தாரு. இல்ல இல்ல, அவருக்குச் சொல்லத் தெரிஞ்சது இங்கிலீஷ்ல, இவளுக்கு ஒண்ணும் புரிஞ்சிருக்காது, ஹெப்சி தமிழ்ல சொன்னதுதான் அவளுக்கு. ஃபைலைத் தள்ளினது, நாற்காலிய இழுத்தது, பேரைச் சொல்லிப் பாத்தது, தண்ணிய எடுத்துட்டு வந்து புள்ள கையில கொடுத்தது, அதெல்லாம் அவ கண்ணு முன்னாலதான் நடந்துது. இங்கிலீஷ்தான் தெரியாது அவளுக்கு, கண்ணு தெரியும்லா.

கண்ணு தெரியும்.

துணி கீழ விழுந்துது, தம்பி. அவ குனிஞ்சு எடுக்கல.

இன்னும் ரெண்டு எபிசோடுன்னேன் நான். பொழைப்பாளான்னு கேட்டா. ரெண்டு எபிசோடுதான்னேன்.

இல்ல, நீங்க உக்காருங்க. தண்ணி வேண்டாம். அந்த போனைக் கொஞ்சம் எடுங்க. எனக்கு எழுத்து தெரியல, நீங்களே போட்டுக் கொடுங்க, ஹெப்சின்னு முதல்ல இருக்கும். சனிக்கிழமைதானே, வீட்டுலதான் இருப்பா. போகுதா? கொடுங்க.

ஹெப்சியா? அப்பாதான். இல்லம்மா, உடம்புக்கு ஒண்ணுமில்ல. விழா பத்தி இல்ல. ஒண்ணே ஒண்ணு கேக்கணும். அந்த வியாழக்கிழமை, டிவியில அது வந்துதுல்லா, அதுக்கப்புறம் அம்மா உன்கிட்ட வந்து ஏதும் கேட்டாளா?

ஹெப்சி?

இருக்கியா? ம். ம். உன் ரூமுக்கு வந்தாளா. எப்பம்? நான் எங்க இருந்தேன்? நான் போன்ல பேசிட்டு இருந்தேனா. ஆமா, ஏஜெண்ட் கூப்பிட்டாரு அன்னைக்கு. ம்.

கல்லு இல்லைல்லான்னு கேட்டாளா.

நீ என்ன சொன்ன? ஒண்ணும் சொல்லல. ம். கட்டிப் பிடிச்சுக்கிட்டாளா உன்னை. சரி. அதுக்கப்புறம்? அம்மா வேற என்ன சொன்னா? சொல்லும்மா. என்ன சொன்னா?

"அப்பாவுக்கு நான் தெரிஞ்சுக்கிட்டேன்னு தெரிய வேண்டாம். இப்பத்தான் அவருக்கு ஒரு நல்ல வேஷம் வந்திருக்கு"ன்னாளா.

இல்லம்மா. தெரியாது. சத்தியமாத் தெரியாது எனக்கு.

இல்ல, வெக்காத. நீ பேசு. மிச்சத்தையும் சொல்லு, அவ வேற என்னல்லாம் சொன்னா? நான் குறுக்க ஒண்ணும் பேசல. கேட்டுக்கிட்டுத்தான் இருக்கேன்.